லிஃப்ட், பால், பையன்

போன மாதம் ஒரு குறும்படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுத் தரச் சொல்லி வேலை வந்தது. ஸ்பானிஷ் படம். பெருவின் தலைநகர் லீமாவில் ஒரு மாணவர் எடுத்தது, மொத்தமே 22 நிமிடம். ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம், அதில் ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மா, அவரைப் பார்க்க வரும் ஒரு உறவுக்காரப் பெண். அவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, யாரும் வேகமாகக்கூடப் பேசுவதில்லை. ரெண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். ஆறு நாள் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு வினைச்சொல்லுக்குப் போனது.

சொல் இதுதான்: மலோக்ரார். கெடுவது, கெடுப்பது, வீணாவது, பாழாவது என்று எல்லாவற்றுக்கும் பெருக்காரர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளும் சொல். படத்தின் முதல் காட்சியில் லிஃப்ட் கதவில் ஒரு தாளை செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அதில் பேனாவால் பெரிதாக 'மலோக்ராதோ' என்று எழுதியிருக்கிறது. வந்த பெண் மூச்சு வாங்க மேலே ஏறி வந்ததும் அந்த அம்மா சொல்லும் முதல் வார்த்தையே "ஸே மலோக்ரோ எல் அசென்சோர்", லிஃப்ட் கெட்டுப் போச்சு. ஏழாவது நிமிடத்தில் காபி போடப் போகிறார். டப்பாவில் வரும் சுண்டிய பாலைத்தான் அந்த ஊரில் நிறைய வீடுகளில் தண்ணீர் விட்டுக் கலந்து குடிப்பார்கள். டப்பாவைத் திறந்து வைத்து ரெண்டு நாள் ஆகியிருக்கும்போல, மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்: "ஸே மே மலோக்ரோ லா லெச்சே", பால் கெட்டுப் போச்சு. அப்புறம் பத்தொன்பதாவது நிமிடத்தில், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கேட்காமலே சொல்கிறார்: "எல் முச்சாச்சோ ஸே மே மலோக்ரோ." பையன் கெட்டுப் போயிட்டான்.

தமிழில் பாருங்கள், நான் யோசிக்கவே இல்லை. லிஃப்டும் கெட்டுப் போகும், பாலும் கெட்டுப் போகும், பையனும் கெட்டுப் போவான். மூன்றுக்கும் ஒரே சொல், மூன்றும் தமிழில் அப்படியே உட்கார்ந்துகொள்கின்றன. லிஃப்டுக்கு நாம் 'ரிப்பேர்' என்று சொல்வதுதான் அதிகம், ஆனால் 'கெட்டுப் போச்சு' என்றாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எனக்குக் காசு கொடுப்பது தமிழுக்கு இல்லை, ஆங்கிலத்துக்கு. அங்கேதான் வம்பு.

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வீட்டுச் சாமான் கம்பெனி ஒன்றுக்கு தென் அமெரிக்க வாடிக்கையாளர்கள் எழுதும் புகார்களை ஆங்கிலமாக்கித் தருவது என் வேலை. நான் ஸ்பானிஷ் படித்தது ஸ்பெயின் நாட்டுப் பாடப்புத்தகத்தில். அகராதியும் அந்த ஊர் அகராதிதான். அதில் மலோக்ரார் என்பதற்கு எதிரே வாய்ப்பை வீணடிப்பது, எண்ணியது கைகூடாமல் போவது என்றெல்லாம்தான் முதலில் வரும், ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'ஃப்ரஸ்ட்ரேட்', 'த்வார்ட்' என்று இருக்கும். நானும் மணி பார்த்துக்கொண்டே வேலை செய்கிற அவசரத்தில், ஒருவருடைய புகாரை 'தி ரெஃப்ரிஜிரேட்டர் வாஸ் ஃப்ரஸ்ட்ரேட்டட்' என்று அனுப்பிவிட்டேன். எங்கள் சீனியர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, "ஏம்பா, ஃப்ரிட்ஜுக்கு என்ன லவ் ஃபெயிலியரா?" என்றார். இன்றைக்கும் எங்கேயாவது பார்த்தால் "ஃப்ரிட்ஜ் எப்படிப்பா இருக்கு, மனசு தேறிடுச்சா" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஆனால் அகராதி பொய் சொல்லவில்லை. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். லோக்ரார் என்றால் அடைவது, எட்டிப் பிடிப்பது, ஈட்டுவது. லத்தீனில் லாபத்தைக் குறிக்கும் 'லூக்ரும்' என்ற சொல்லின் பேரப்பிள்ளை அது. முன்னால் 'மல்' சேர்ந்தால், அடைய வேண்டியதை அடையாமல் போவது, பலன் கைக்கு வராமல் கலைவது. ஆக இது உடைவதைப் பற்றிய சொல்லே இல்லை, ஒன்று போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் நடுவிலேயே நின்றுவிடுவதைப் பற்றிய சொல். விளைச்சல் இல்லாமல் போனால் 'ஸே மலோக்ரோ லா கொசேச்சா' என்பார்கள். எல் நீன்யோ வருகிற வருடங்களில், 1998லும் 2017லும் பார்த்த மாதிரி, பெருவின் வடக்குப் பக்கம் மழை கொட்டித் தீர்த்து வயல்களை அடித்துக்கொண்டு போகும். அப்போது கேட்கிற வாக்கியம் இது. ஆங்கிலத்தில் 'தி க்ராப் ஃபெயில்ட்'. பயிர் தேர்வில் தோற்ற மாதிரி. தமிழில் நமக்கு எவ்வளவு நல்ல சொல் இருக்கிறது, விளைச்சல் பொய்த்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளை தங்காமல் போனாலும் ஸ்பானிஷில் இதே வினைதான். கால்பந்து வர்ணனையில் கோல் வாயில் நின்று பந்தை வானத்துக்கு அடித்தவனும் வாய்ப்பை 'மலோக்ரோ' செய்தவன்தான்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, ஸ்பெயினில் இந்தச் சொல்லின் பெயரடை வடிவத்தை மரியாதையாக மனிதர்களுக்குப் போடுவார்கள். இளம் வயதில், சாதிக்க வேண்டியதைச் சாதிக்கும் முன்பே இறந்துபோனவர் 'மலோக்ராதோ'. அரசி இசபெல்லாவின் ஒரே மகன், பட்டத்துக்கு வர வேண்டிய இளவரசர் ஹுவான், 1497ல் 19 வயதில் செத்துப்போனார். சரித்திரப் புத்தகங்களில் அவர் 'எல் மலோக்ராதோ'. பெருவிலும் எழுத்தில் இந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. ஹவியெர் எராவுத் என்று ஒரு கவிஞர், 1942ல் பிறந்தவர், 18 வயதில் பரிசு வாங்கியவர், புரட்சி செய்யப் போய் 1963ல் மாத்ரே தே தியோஸ் ஆற்றில் சுடப்பட்டு இறந்தார், அப்போது வயது 21. இவரைப் போன்றவர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் தானாக வந்து விழும். ஆக ஒரே ஊரில், நூலகத்துக்குள் கவிஞர் மலோக்ராதோ, வெளியே வந்தால் லிஃப்டும் மலோக்ராதோ. ஸ்பெயினிலிருந்து முதல்முறை லீமாவுக்குப் போகிற ஒருவர் லிஃப்ட் கதவில் அந்தத் தாளைப் பார்த்தால், ஐயோ பாவம், சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதே என்றுதான் நினைத்துக்கொள்வார்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

பிரச்சினை முதலில் சின்னதாகத்தான் தெரிந்தது. ஆங்கிலத்தில் எந்தப் பொருள் கெடுகிறது என்பதைப் பார்த்துத்தான் வினையை எடுக்க வேண்டும். லிஃப்ட் என்றால் 'ப்ரோக் டவுன்', கதவில் ஒட்டுகிற தாளில் 'அவுட் ஆஃப் ஆர்டர்'. பால் என்றால் அமெரிக்காவில் 'வென்ட் பேட்', இங்கிலாந்தில் 'வென்ட் ஆஃப்'. 'ஸ்பாயில்ட்' என்றும் சொல்லலாம், கொஞ்சம் டப்பா மேல் அச்சடித்த மொழி மாதிரி இருக்கும். பையனுக்கு? அந்த 'ஸ்பாயில்ட்' இருக்கிறதே, அதைத் தூக்கிப் பையன் மேல் போட்டால் கதையே மாறிவிடும். செல்லம் கொடுத்துக் குட்டிச்சுவர் ஆக்கிய பிள்ளை என்று ஆகிவிடும். அதற்கு ஸ்பானிஷில் 'மல்க்ரியாதோ' என்று தனிச்சொல் இருக்கிறது, சரியாக வளர்க்கப்படாதவன். பெருவில் செல்லப்பிள்ளைக்கு 'எங்க்ரெயிதோ' என்பார்கள், 'மி எங்க்ரெயிதோ' என்றால் என் செல்லமே. அதே சொல்லை ஸ்பெயினில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் தலைக்கனம் பிடித்தவனே என்று அர்த்தம், அடி வாங்காமல் வந்தால் சரி.

'ரூயின்' என்று போட்டால் என்ன என்று கேட்கலாம். அழிவு, பாழ் என்றதும் ஆங்கிலத்தில் முதலில் வாயில் வருவது அதுதான். ஸ்பானிஷிலும் 'அர்ருயினார்' என்று அதே வேரில் ஒரு வினை இருக்கிறது, அதனாலேயே நிறைய பேர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுக்கு ஒன்று மாற்றிவிடுகிறார்கள். ஆனால் 'எஸ்தா அர்ருயினாதோ' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் அவர் கையில் காசில்லாமல் நொடித்துப் போனார், திவாலானார் என்றுதான் பொருள். அதை 'ஹி இஸ் ரூயின்ட்' என்று போட்டால் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய நாவலில் குதிரை வண்டியில் வந்து இறங்கிய மாதிரி இருக்கும். 'ஹி'ஸ் கான் பஸ்ட்' என்பதுதான் இன்றைக்குப் பேசுகிற ஆங்கிலம். மேலும் ஆங்கில 'ரூயின்' யாரோ ஒருவர் கையை நீட்டிச் செய்கிற வேலை. ஆள் வேண்டும். மழை பிக்னிக்கை ரூயின் செய்யும், தம்பி என் சட்டையை ரூயின் செய்வான். பால் தன்பாட்டுக்கு ரூயின் ஆகாது.

இதுதான் உண்மையான முடிச்சு. மலோக்ரார் என்ற வினை அவ்வளவு கஷ்டம் இல்லை, அதற்கு முன்னால் நிற்கிற அந்த 'ஸே' என்கிற ஒற்றை அசைதான் கஷ்டம். 'மலோக்ரோ எல் அசென்சோர்' என்றால் யாரோ லிஃப்டைக் கெடுத்தார்கள். 'ஸே மலோக்ரோ' என்றால் லிஃப்ட் கெட்டுப் போச்சு. கெட்டான், கெடுத்தான் என்று தமிழில் வினைக்குள்ளேயே பிரித்து வைத்திருக்கிறோமே, தன்வினை பிறவினை என்று எட்டாம் வகுப்பில் உருப்போட்டோமே, அந்த வேலையை ஸ்பானிஷில் இந்த 'ஸே' செய்கிறது. யார் செய்தது என்று அது சொல்லாது. சொல்லக் கூடாது என்பதற்காகவே சில சமயம் வரும். வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் எந்தப் பிள்ளை 'உடைச்சுட்டேன்' என்று சொல்கிறது? 'உடைஞ்சிருச்சு'தான். லீமாவிலும் அப்படித்தான்.

கூடவே அந்த அம்மா 'ஸே மே' என்கிறார், நடுவில் ஒரு 'மே', எனக்கு. பால் எனக்குக் கெட்டுப் போச்சு என்று தமிழில் சொல்ல மாட்டோம், ஆனால் 'புள்ள எனக்கு உதவாமப் போயிட்டான்' என்று சொல்வோம் இல்லையா, அந்த 'எனக்கு'. நடந்தது எங்கேயோ, வலி என் தலையில். ஆங்கிலத்தில் இதற்கு அழகாக ஒன்று இருக்கிறது, 'ஆன் மீ'. 'தி கார் டைடு ஆன் மீ' என்பார்கள், நடுரோட்டில் என்னைத் தவிக்க விட்டுவிட்டுக் கார் நின்றுவிட்டது. பாலுக்கும் ஓடும், 'தி மில்க் வென்ட் ஆஃப் ஆன் மீ'. பையனுக்குப் போட்டுப் பாருங்கள், என்னவோ வாஷிங் மெஷின் மக்கர் பண்ணிய மாதிரி ஆகிவிடுகிறது. அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சொல்கிற வாக்கியத்தில் அதை வைக்க எனக்குக் கை வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு புகழ்பெற்ற வாக்கியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரு, அழிவு, 'ஸே' மூன்றும் ஒன்றாக வருகிற வாக்கியம் அது. பெரு எழுத்தாளர் மரியோ வார்கஸ் யோசா 1969ல் வெளியிட்ட 'கொன்வெர்சாசியோன் என் லா கதெத்ரால்' நாவலின் முதல் பத்தி. சந்தியாகோ என்கிற பத்திரிகைக்காரன் தன் ஆபீஸ் வாசலில் நின்று லீமாவின் தாக்னா அவென்யூவைப் பார்க்கிறான், பார்த்துவிட்டுத் தனக்குள் கேட்டுக்கொள்கிறான்: "என் கே மொமெந்தோ ஸே அபியா ஹோதிதோ எல் பெரு?" எந்த நேரத்தில் பெரு நாசமாய்ப் போனது? கதை நடப்பதில் பெரும்பகுதி 1948 முதல் 1956 வரை நாட்டை ஆண்ட ஓத்ரியாவின் சர்வாதிகாரக் காலம். ஆனால் கேள்வி அந்தக் காலத்தோடு போகவில்லை. இன்றைக்கும் ஒரு ஜனாதிபதி கைதானாலோ, ஆட்சி கவிழ்ந்தாலோ யாராவது ஒருவர் இந்த வரியை எடுத்து நீட்டிவிடுவார்.

அந்த 'ஹோதெர்' கெட்ட வார்த்தை. லத்தீனில் உடலுறவைக் குறித்த வினையிலிருந்து வந்தது. ஸ்பெயினில் தேய்ந்து தேய்ந்து 'சே' என்கிற அளவுக்கு வந்துவிட்டது, தாத்தாக்கள்கூட ரிமோட் கிடைக்கவில்லை என்றால் சொல்வார்கள். பெருவில் அதற்குக் காரம் இன்னும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் அதைச் சொல்ல முடியாதபோது 'ஃப்ரெகார்' என்று ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள், அதற்கு நேர்ப்பொருள் தேய்ப்பது, பாத்திரம் விளக்குவது. "மே ஃப்ரெகே" என்றால் தொலைஞ்சேன். ஸ்பெயின்காரருக்கு அதே சொல் வெறும் பாத்திரம் கழுவுவதுதான். சேற்றைப் பூசுவது என்ற பொருள் உள்ள 'எம்பார்ரார்' என்றும் ஒன்று உண்டு, "லா எம்பார்ரே" என்றால் சொதப்பிட்டேன். நாம் காரியத்தில் மண்ணள்ளிப் போடுகிறோம், அவர்கள் சேற்றைப் பூசுகிறார்கள். உலகம் முழுக்க மண்தான்போல.

இந்த நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் கிரிகரி ரபாஸா. கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலை ஆங்கிலமாக்கியவரும் அவர்தான், சாமானிய ஆள் இல்லை. அவர் அந்த வரியை 'அட் வாட் ப்ரிசைஸ் மொமென்ட்' என்று ஆரம்பித்து, அந்த நாலெழுத்து வார்த்தையைப் போட்டு, 'இட்செல்ஃப் அப்' என்று முடித்திருக்கிறார். முதல் தடவை படித்தபோது எனக்கு ரெண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, 'ப்ரிசைஸ்' மூலத்தில் இல்லை. இரண்டு, 'இட்செல்ஃப்'. பெரு தன்னைத்தானே கெடுத்துக்கொண்டது என்று ஆகிறதே! 'ஸே அபியா ஹோதிதோ' அப்படிக் குற்றம் சாட்டவில்லையே, நாசமாய்ப் போனது என்று மட்டும்தானே சொல்கிறது? 'ஸே' என்றதும் 'இட்செல்ஃப்' என்று போடுவது வகுப்பில் முதல் மாதத்தில் செய்கிற வேலை இல்லையா? ரொம்ப நாள் இதைப் பற்றி அவரிடம் எனக்கு மனத்தாங்கல் இருந்தது, அவருக்குத் தெரியாமல்.

இந்தப் படத்துக்காக அந்தப் பத்தியைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. கேள்விக்கு அப்புறம் ரெண்டு மூன்று வரி தள்ளி, சந்தியாகோ தன்னைப் பற்றியே அதே வினையில் சொல்லிக்கொள்கிறான். அவனும் பெரு மாதிரிதான், எதோ ஒரு நேரத்தில் அவனும் அப்படிப் போனவன்தான் என்று. நாட்டுக்கும் ஆளுக்கும் ஒரே சொல். அந்த இரண்டும் ஒன்றாகக் கேட்டால்தான் பத்தி நிற்கும். ஆளுக்கு 'ஹிம்செல்ஃப்' என்று ஆங்கிலத்தில் இயல்பாக வருகிறது, ரபாஸாவும் அப்படித்தான் போட்டு, கூடவே 'சம்வேர் அலாங் தி லைன்' என்று சேர்த்திருக்கிறார். அப்படியானால் நாட்டுக்கும் 'இட்செல்ஃப்' போட்டே ஆக வேண்டும். ஆளுக்காக நாட்டின் மேல் கொஞ்சம் பழியைத் தூக்கி வைத்திருக்கிறார். நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பழி அப்படி ஒன்றும் அநியாயம் இல்லை. 'ப்ரிசைஸ்' மட்டும் எனக்கு இன்னும் இடிக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் கேள்வியில் இருக்கிற ஒரு விசாரணைத் தொனிக்கு அது உதவுகிறது என்று வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம்.

சரி, ரபாஸாவிடம் சமாதானம் ஆகியாயிற்று. என் வேலை நின்ற இடத்தில்தான் நிற்கிறது. அவருக்காவது ரெண்டு, எனக்கு மூன்று. நாட்டையும் ஆளையும் ஒரு சொல்லில் கட்டலாம், பாலையும் லிஃப்டையும் பையனையும் எதில் கட்டுவது? 'ப்ரோக்கன்' லிஃப்டுக்கு ஒத்துவரும், பையனுக்கு மனசு உடைந்தவன் என்று வேறு எங்கோ போகும், பாலுக்கு வாய்ப்பே இல்லை. 'பேட்' பாலுக்கும் பையனுக்கும் சரி, லிஃப்ட் கெட்ட லிஃப்ட் ஆகிவிடும். படம் எடுத்த மாணவரிடம் கேட்டேன், மூன்று இடத்திலும் ஒரே சொல் வருவது வேண்டுமென்று வைத்ததா, இல்லை அந்த அம்மா தன் இயல்பில் பேசியதா என்று. "அது நாங்கள் எல்லாரும் பேசுவதுதான், எழுதும்போது கவனிக்கவில்லை, எடிட்டிங்கில்தான் கேட்டது, கேட்டதும் அதற்காகவே லிஃப்ட் காட்சியை முன்னால் தூக்கிப் போட்டேன்" என்று பதில் வந்தது. அதாவது கவனிக்காமல் வந்தது, கவனித்து வைக்கப்பட்டது. இனி நான் விட முடியாது.

அன்றைக்கு ராத்திரி வேலையை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா சமையலறையிலிருந்து, "மத்தியானம் வச்ச ரசம் ஊசிப் போச்சு, தயிர் ஊத்திக்கோ" என்றார். ஊசிப் போச்சு. கெட்டுப் போச்சு. வீணாப் போச்சு, நாசமாப் போச்சு, மண்ணாப் போச்சு, நமத்துப் போச்சு, உளுத்துப் போச்சு, வெம்பிப் போச்சு, உருப்படாமப் போயிட்டான். நாம் எதைக் கெடுத்தாலும் கடைசியில் அதைப் 'போ' என்று அனுப்பித்தான் வைக்கிறோம். முன்னால் இருக்கிற சொல் பொருளுக்குப் பொருள் மாறும், 'போச்சு' மட்டும் அப்படியே நிற்கும். யார் செய்தது என்று அது கேட்காது. 'ஸே' செய்கிற வேலை!

தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் யோசித்தேன். பால் கோ ஆஃப். சாப்பாடு கோ பேட். ஆள் கடனில் கோ பஸ்ட். ஊர் கோ டு தி டாக்ஸ். உழைப்பு கோ டு வேஸ்ட். காசு கோ டவுன் தி ட்ரெய்ன். பழைய வீடு கோ டு ராக் அண்ட் ரூயின். கவனிப்பார் இல்லாத ஆள் கோ டு சீட், இது எனக்கு ரொம்பப் பிடித்தது, பறிக்காமல் விட்ட கீரை பூத்து முற்றிப்போவதிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் மெஷினுக்கு 'கான் ராங்' என்பார்கள், பையனுக்கும் 'கான் ராங்' என்பார்கள். 'ரூயின்', 'ஸ்பாயில்', 'ரெக்', 'டெஸ்ட்ராய்' என்று ஆள் வைத்து அடிக்கிற வினைகளையே மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன், ஆங்கிலத்துக்கும் ஒரு 'போச்சு' இருக்கிறது என்று ஊசிப்போன ரசம் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

வேலை கொடுத்தவர்கள் பிரிட்டிஷ் ஆங்கிலம் கேட்டிருந்தது என் நல்ல நேரம். அமெரிக்க ஆங்கிலம் என்றால் 'கான் ராங்' லிஃப்டோடு இவ்வளவு சுலபமாக ஒட்டியிருக்காது.

முதல் வரி: 'தி லிஃப்ட்'ஸ் கான் ராங் அகெய்ன்'. மூலத்தில் 'அகெய்ன்' இல்லை, ஆனால் அந்தப் பெண் அதற்குச் சிரிப்பதைப் பார்த்தால் இது முதல்முறை இல்லை என்று தெரிகிறது, அது இல்லாமல் ஆங்கிலம் மொட்டையாகவும் நின்றது. ப்ரிசைஸ் போட்டவரைக் குறை சொன்ன வாய்தான் இது. இரண்டாவது: 'தி மில்க்'ஸ் கான் ஆஃப் ஆன் மீ'. லிஃப்டுக்கு அந்த அம்மா 'மே' போடவில்லை, பாலிலிருந்துதான் ஆரம்பிக்கிறார், அதனால் இங்கே 'ஆன் மீ' வைத்தே ஆக வேண்டும்.

மூன்றாவதுக்கு ஒரு முழு காலை போயிற்று. ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் ரெண்டு வரி என்று எனக்குக் கணக்கு கொடுத்திருந்தார்கள். அந்த ஷாட் மூன்று நொடிகூடக் கிடையாது, அதனால் ஒரே வரிதான். 'சம்வேர் அலாங் தி வே, ஹி வென்ட் ராங்' என்று எழுதினால் முற்றுப்புள்ளியோடு சரியாக 39 எழுத்து, இடமும் போதும், கேட்கவும் நன்றாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் படித்தால் பிடிக்கவில்லை. அந்த அம்மா இவ்வளவு ஜோடனையாகப் பேசுகிறவர் இல்லை, மேலும் 'மே' எங்கே? பையனை இழந்தேன் என்கிற மாதிரி 'ஐ லாஸ்ட் ஹிம்' என்றால் செத்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள். அவன் சாகவில்லை, அடுத்த வார்த்தையிலேயே எங்கே இருக்கிறான் என்று சொல்லிவிடுகிறார். 'ஹி வென்ட் ராங் ஆன் மீ' வாஷிங் மெஷின். அப்புறம்தான் கவனித்தேன், மூலத்தில் 'என் பையன்' என்று இல்லை, 'எல் முச்சாச்சோ', அந்தப் பையன், அவ்வளவுதான். 'என்'னை அவர் 'மே'க்குள் வைத்துவிட்டார். ஆங்கிலத்தில் அதைத் திரும்ப எடுத்துப் பையன் முன்னால் வைத்தால் போயிற்று. 'மை பாய் வென்ட் ராங்.' நாலே சொல். புள்ளியோடு 18 எழுத்து.

லிஃப்டில் 'கான் ராங்', பையனில் 'வென்ட் ராங்', நடுவில் பால் 'கான் ஆஃப்'. மூன்றும் முழுசாக ஒன்றில்லைதான், ஆனால் காது வைத்துக் கேட்கிறவருக்குக் கேட்கும். கோப்பை அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்து சரிபார்க்கிறவரிடமிருந்து திரும்பி வந்தது, ஒரே ஒரு இடத்தில் மஞ்சள் அடித்து. லிஃப்ட். 'ப்ரோக்கன் என்பதுதானே சகஜம், ஏன் கான் ராங்?' என்று கேட்டிருந்தார். பத்தொன்பதாவது நிமிடத்தைப் பாருங்கள் என்று ஆரம்பித்து, மலோக்ரார், 'ஸே', காட்சியை முன்னால் தூக்கிப் போட்டது எல்லாவற்றையும் பன்னிரண்டு வரியில் எழுதினேன், ரசத்தை மட்டும் விட்டுவிட்டேன். சாயங்காலம் மஞ்சளை எடுத்துவிட்டு, பக்கத்தில் 'ஓகே' என்று மட்டும் போட்டிருந்தார்.